தோட்டத்துக்குக் காணித் திட்டம் வருகிறதா? கையெழுத்து வைக்கும் முன்

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. எந்த லயத்தை எங்கே மாற்றுவது, எந்த மலையில் தேயிலை, எதில் வீடு, எதைக் காடாக விடுவது என்ற பேச்சு அதற்குப் பிறகு சூடு பிடித்திருக்கிறது. பிரதேச செயலகம், பிரதேச சபை, கம்பனி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், தொழிற்சங்கம் என்று ஆறேழு தரப்பு ஒரு மேசையில் உட்காரும். நல்லதுதான். ஆனால் நாளைக்குப் பீலியில் தண்ணீர் நின்றுபோனால் ஆளுக்கு ஆள் அடுத்தவர் அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். அதனால் வரைபடத்தில் கோடு விழுவதற்கு முன்பே அந்தப் பேச்சுக்குள் போய்விடுங்கள். ஹட்டனோ மஸ்கெலியாவோ நுவரெலியாவோ, எந்தத் தோட்டமானாலும் இந்த வாரமே தொடங்கலாம்.

செய்ய வேண்டியவை

• வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பிரதேச செயலகத்தில் காணிப் பயன்பாட்டுத் திட்டமிடல் உத்தியோகத்தர் இருப்பார், முதலில் அவரைப் பாருங்கள். இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், பதிலையும் தமிழிலேயே கேளுங்கள்.

• உங்கள் வரைபடத்தை நீங்களே வரையுங்கள். ஒரு பிரிஸ்டல் போர்டும் இரண்டு கலர் பேனையும் போதும். லயம், பீலி, ஊற்று, கான், கோயில், மயானம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் குறுக்குப் பாதை எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாமார் நாலு பேரை உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த மலையில் ஐப்பசி மழைக்கு நிலம் கொழகொழத்துக் கால் புதையும், எந்த வரிசையில் சவுக்கு மரங்கள் சாயத் தொடங்கியிருக்கின்றன, எந்த ஊற்று திடீரென்று கலங்கி வந்தது என்று இடம் காட்டிச் சொல்வார்கள். அதிகாரிகள் கொண்டுவரும் செய்மதிப் படத்தில் இவற்றில் பாதி இருக்காது. நீங்கள் வரைந்த படத்தை ஒரு போட்டோ எடுத்து, மூலப் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பிரதியைக் கூட்டத்தில் கொடுங்கள்.

• புதிய இடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எழுத்து மூல அறிக்கையைக் கேளுங்கள். ‘வந்து பார்த்தார்கள், சரியாம்’ என்ற வாய்ப்பேச்சு அறிக்கை ஆகாது. வீடு நிற்கும் இடத்துக்கு மட்டுமல்ல, அங்கே போக வெட்டும் ரோட்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். ரோட்டுக்கு அறுத்த மண்மேடுதான் பல இடங்களில் முதலில் இறங்குகிறது.

• பிரதேச சபை உறுப்பினரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவிட முடியாது என்பது பழைய கதை; 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டது. இன்னும் அந்தச் சாக்குச் சொல்பவரிடம் வருடத்தையே சொல்லுங்கள்.

• காணிப் பத்திரத்தில் மனைவி பெயரையும் போடச் சொல்லுங்கள். உழைத்தது இருவரும்.

• சொன்ன வாக்கெல்லாம் கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏறாத வாக்கை அடுத்த துரை வந்து தெரியாது என்பார்.

• நேர்ச்சுவர் உள்ள ஒரு தகரப் பேணியைத் திறந்த வெளியில் வைத்து, மழையை அடிமட்டத்தால் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கண்ணும் காதும் திறந்திருக்கட்டும். 100 தாண்டினால் அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பையில் போடுங்கள். 150 ஆனாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேறுங்கள். அனர்த்த அவசர இலக்கம் 117 எல்லார் போனிலும் இருக்கட்டும். இந்தக் கொப்பி ஒரு வருடம் ஓடினால், திட்டக் கூட்டத்தில் உங்கள் பேச்சுக்குத் தனி மரியாதை.

செய்யக்கூடாதவை

• தோட்ட நிர்வாகம் தரும் கடிதத்தை உறுதி என்று நம்பாதீர்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. கம்பனிகள் 1992இல் நிர்வாகத்துக்கு வந்தவை, பிறகு குத்தகைக்காரர். 2045 வரையான குத்தகையை வைத்திருப்பவர் உங்களுக்குச் சொந்தக் காணி எழுதித் தர முடியாது. அந்தக் கடிதத்தை நம்பிக் கடன் வாங்கிக் கட்டியவர்களின் கதை மலையகம் முழுக்கக் கிடக்கிறது.

• பேர்ச் கணக்கை மட்டும் கேட்டு மயங்காதீர்கள். 7 பேர்ச் என்றிருந்த பேச்சு 10க்கு வந்தது, சந்தோஷம். 10 பேர்ச் என்றால் 2,722 சதுர அடி. ஆனால் சரிவில் அதில் எவ்வளவு மட்டமாக நிற்கிறது, கானுக்கும் அணைச்சுவருக்கும் போக வீட்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்று நாடா பிடித்துப் பாருங்கள்.

• வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். ஒரு குசினிக்காக வெட்டியது முழு வீட்டையும் மூடிய சம்பவங்கள் உண்டு.

• கானை மூடிக் கோழிக்கூடு, கக்கூஸ் கட்டாதீர்கள். மழைத் தண்ணீர் வழி கிடைக்காமல் மண்ணுக்குள் இறங்கும். சரிவுக்கு அதுவே போதும்.

• மரக்கறிப் பாத்தியை மேலிருந்து கீழாகப் போடாதீர்கள், குறுக்காகப் போடுங்கள். கரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் போட்ட உரமும் மேல்மண்ணும் கீழே காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களுக்குத்தான் போய்ச் சேரும். உங்கள் பாத்தியில் கல்தான் மிஞ்சும்.

• ஊற்றுக்கு மேல்பக்கம் யூக்கலிப்டஸ் நடச் சம்மதிக்காதீர்கள். விறகு வரும், தண்ணீர் குறையும்.

• தோட்டத் தலைவர் ஒருவரை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். இரண்டு பெண்களும் ஒரு இளைஞரும் கூடப் போகட்டும். ஆள் கூடினால் ‘எல்லாரும் சம்மதம்’ என்று எழுதுவது கஷ்டம்.

• மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை வந்தபின் டீவியை எடுக்க லயத்துக்குத் திரும்பாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்த லயங்கள் மண்ணோடு போயின. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. போக மாற்றிடம் காட்டப்படாததால் சனம் அங்கேயே இருந்தது. அதனால் எச்சரிக்கை இல்லாத நாளில் உங்கள் தோட்டத்தில் யாராவது ‘எழும்புங்கள்’ என்று மட்டும் சொன்னால், ‘எங்கே, எப்போது, யார் செலவில்’ என்று எழுத்தில் கேளுங்கள்.

• வெளியார் உற்பத்தி முறையில் தேயிலை மலையைப் பிரித்துத் தரும் ஒப்பந்தத்தில் அன்றைக்கே கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ்ப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். கொழுந்து விலையை யார் தீர்மானிப்பது, உரம் யார் காசு, கான் துப்புரவும் கவ்வாத்தும் யார் பொறுப்பு, சேமலாப நிதி தொடருமா, வயதானபின் அந்த மலை உங்கள் பிள்ளைக்கு வருமா? இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் இல்லாத தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.