மிகையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

‘ஓவரா பண்ணாதே’, ‘அவன் ரொம்ப ஓவர்’ என்றெல்லாம் நம் வீடுகளில் நாள் முழுக்கப் புழங்குகிற இந்த ‘ஓவர்’ நல்ல ஆங்கிலம் என்றே நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலேயர் ஒருவரிடம் ‘யூ ஆர் டூயிங் ஓவர்’ என்று சொன்னால் அவர் விழிப்பார். ‘அளவுக்கு மிஞ்சிய’ என்ற பொருளைத் தரவேண்டுமானால் ‘ஓவர்’ இன்னொரு சொல்லின் தலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எந்தச் சொல்லில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து அது பழியாகவும் ஆகும், பரிவாகவும் ஆகும். அலுவலகத்தில் ஆங்கிலமும் கடைத்தெருவில் இந்தியுமாகக் காலம் தள்ளுகிற நமக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ‘எக்ஸாஜரேட்’. ஆங்கிலத்தில் எழுதும்போது இதில் இரண்டு ‘ஜி’ வரும். பிள்ளைகள் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். லத்தீனில் ‘அக்கர்’ என்றால் மண்ணைக் குவித்து உயர்த்திய மேடு. ரோமானியர் தம் பாசறையைச் சுற்றி எழுப்பிய மண்கரைக்கும் அதுதான் பெயர். ரயில் பாதைக்கு நாங்கள் போடும் கரையும் அந்த இனம்தான். ஆகவே எக்ஸாஜரேட் செய்வது என்றால், இருக்கிற உண்மையின் மேல் மண் கொட்டி உயர்த்துவது. அடியில் தரை இல்லாமல் கரை போட முடியாதல்லவா? அதுபோல இதற்கு அடியில் கொஞ்சமாவது உண்மை இருக்கவேண்டும். முழுப் பொய்க்கு இந்தச் சொல் பொருந்தாது.

ஆனால் இன்னொருவரைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லில் ஒரு முள் இருக்கிறது. மத்திய இந்தியாவில் நான் வேலை பார்த்த ஒரு பகுதியில், அடைமழையில் ஒரு கரை சரிந்துவிட்டது. பெர்மனன்ட் வே இன்ஸ்பெக்டர் இரவோடு இரவாக டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, 300 கன மீட்டர் மண் வேண்டும் என்று கன்ட்ரோலுக்குச் சொன்னார். விடிந்து அளந்தபோது 220 போதும் என்று தெரிந்தது. மேலிடத்துக்குப் போன குறிப்பில் யாரோ ‘எக்ஸாஜரேட்டட்’ என்று எழுதிவிட்டார். அந்த ஒரு சொல்லுக்காக அந்த மனிதரிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் பல மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. அங்கே எழுதியிருக்க வேண்டிய சொல் ‘ஓவர்எஸ்டிமேட்டட்’. அதில் கணக்குத்தான் மிஞ்சியது, எண்ணத்தில் குற்றமில்லை. ‘எக்ஸாஜரேட்டட்’ என்றால் தெரிந்தே கூட்டிச் சொன்னார் என்ற சாயல் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ‘ஓவர்ஸ்டேட்டட்’ என்று ஒன்று உண்டு. சொன்னது மிகை என்பதோடு அது நின்றுகொள்ளும். வேண்டுமென்று செய்தாரா என்று தீர்ப்பு சொல்லாது. கையெழுத்துப் போடுமுன் இந்த மூன்றில் எது என்று ஒரு நிமிடம் யோசிப்பதில் நஷ்டமில்லை.

‘ஹைப்பர்போல்’ என்று பலர் வாசிக்கிறார்கள். சரியான உச்சரிப்பு ‘ஹைப்பர்பலி’. இது கேட்பவரை ஏமாற்றுவதற்கல்ல. ‘உன்னிடம் ஆயிரம் தடவை சொன்னேன்’ என்று அம்மா சொன்னால் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் இலக்கணத்தில் உயர்வு நவிற்சி அணி என்கிறோமே, அதுதான். கிரேக்கத்தில் ‘அப்பால் எறிவது’ என்று பொருள். கணக்குப் பாடத்தில் வரும் ஹைப்பர்போலாவும் அதே வேரில் பிறந்ததுதான்.

‘ஓவர்டூ’ என்ற சொல்லுக்குப் பரிவான முகமும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது டாக்டர் ‘டோன்ட் ஓவர்டூ இட்’ என்றார். ‘இவர் நடிக்கிறார் என்கிறாரா?’ என்று அவர் மனைவிக்கு வந்ததே கோபம்! ‘உடம்பை ரொம்ப அலட்டிக்கொள்ளாதீர்கள்’ என்பதுதான் டாக்டர் சொன்னது. நடிப்பு மிஞ்சினால் அது ‘ஓவர்ஆக்ட்’. சின்ன விஷயத்துக்கு ஆத்திரமோ பதற்றமோ மிஞ்சினால் ‘ஓவர்ரியாக்ட்’. இவை இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

மரபுத் தொடர்களில் எனக்குப் பிடித்தது, மோல்ஹில்லை மவுண்டன் ஆக்குவது. மோல் என்பது மண்ணுக்கடியில் வளை தோண்டும் சிறு பிராணி. அது தள்ளிவிடும் மண்குவியலை மலையாக்குகிறார்களாம். நிக்கோலஸ் உடால் என்பவர் 1548-இல் இதை எழுத்தில் கையாண்டார். அதற்கு முன்பே கிரேக்கத்திலும் லத்தீனிலும் ஈயை யானையாக்கினார்கள். நாம் ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிறோம். பக்கத்து வீட்டு இந்திக்காரர் கடுகை மலையாக்குவார், ‘தில் கா தாட்’ என்று எள்ளைப் பனையாக்குவார். வள்ளுவரிடமும் தினையும் பனையும் உண்டு, ஆனால் அங்கே அது பெருமைக்குரிய செயல். பிறர் செய்த தினையளவு உதவியையும் (குறள் 104), தம்மிடம் நேர்ந்த தினையளவு குற்றத்தையும் (433) பனையளவாக நினைப்பவர்களை அவர் பாராட்டுகிறார். இதற்கு ஈடான ஆங்கிலத் தொடர் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

புகழ்ச்சி மிஞ்சினால் ‘லே இட் ஆன் வித் எ ட்ரவல்’ என்பார்கள். ட்ரவல் என்பது பயணமல்ல, கொத்தனாரின் கரணை. சாந்தை அப்புவது போலப் புகழை அப்புவது. பணி ஓய்வு விழாக்களுக்குப் போய் வந்தவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை.

கடைசியாக ‘டூ’, ‘வெரி’. ‘வெரி ஹாட்’ என்றால் காபி நல்ல சூடு, குடிக்கலாம். ‘டூ ஹாட்’ என்றால் வாய் பொத்துப்போகும், குடிக்க முடியாது. தேவைக்கு மேல் போய்க் காரியத்தைக் கெடுக்கும் மிகைதான் ‘டூ’. அண்மையில் ஒரு வரன் கடிதத்தில் ‘தி பாய் இஸ் டூ இன்டெலிஜென்ட்’ என்று எழுதியிருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்த சம்பந்தி என்றால், ‘அப்படியானால் பிள்ளை எந்தக் காரியத்துக்கு ஆகமாட்டான்?’ என்று திருப்பிக் கேட்பார்.