மீரியபெத்த மலைக்கு எந்த மரம்?

இலங்கையின் ஊவா மலையிலுள்ள தேயிலைத் தோட்டப் பகுதியான மீரியபெத்தவைச் சிற்றளவு மாதிரியாகச் செய்ய நினைப்பவர் தூரிகையைத் தொடுமுன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: 2014 ஒக்டோபர் 29க்கு முந்திய மலையா, பிந்திய மலையா? அன்று காலை கொஸ்லந்தைக்கு மேலே மண் சரிந்து தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. பிந்தியது என்றால் செம்மண் வடுவும் மானாப் புல்லும்தான் வேலை. நான் முந்தியதையே செய்யச் சொல்வேன். சரிவின் படங்கள் ஏராளமாக உண்டு. மக்கள் வாழ்ந்த மலையைக் காட்டுபவைதான் குறைவு.

அளவுக்கு 1:100 வசதி. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா ஏறக்குறைய 3 செ.மீ.க்கு 3.6 செ.மீ. ஆகும். தேயிலைச் செடி 1 செ.மீ.க்குள் நிற்கும், 20 மீட்டர் சில்வர் ஓக் 20 செ.மீ. உயரும். மரத்தைக் குட்டையாக்கினால் மலையே சிறுத்துப் போகும்.

கடையில் கிடைக்கும் ஆயத்த மரங்களை விட்டுவிடுங்கள். அவை ஐரோப்பிய ஊசியிலை மரங்கள், அல்லது உருண்டைத் தலை மரங்கள். தோட்டத்துச் சில்வர் ஓக் அப்படியல்ல. நிழலுக்கு வைத்து, கிளைகளை வெட்டி வெட்டி விடுவதால் தண்டு நெட்டையாகவும் தலைப்பகுதி சிறிதாகவும் இருக்கும். இதற்கு முறுக்கிய செப்புக் கம்பியே ஏற்றது. கிளையை நினைத்த இடத்தில் பிரிக்கலாம். காய்ந்த குச்சி மலிவு, பட்டையும் இயற்கையானது. ஆனால் நேராக 20 செ.மீ. போகும் குச்சி அரிது. கவ்வாத்தில் விழுந்த தேயிலைக் குச்சிகளை இன்னொரு நிழல் மரமான முள்முருக்குக்கு வையுங்கள், அந்தக் கோணலுக்கு அவை பொருந்தும்.

இலைக்குச் சாயத் தேயிலைத் தூளைப் பலர் சொல்வார்கள். நன்றாகக் காய்ந்தால் தரைக்கும் சருகுக்கும் நல்லது. மரத்துக்குப் போட்டால் கனமாகத் தெரியும். சில்வர் ஓக்கின் இலை பிளவுபட்டது, வெளிச்சம் ஊடுருவும். தும்பைப் பிரித்து ஒட்டி, மேலே மெல்லிய பஞ்சுத் துகளைத் தூவினால் அந்த லேசான தன்மை வரும். தேயிலைச் செடிக்குப் பஞ்சை வெட்டி ஒட்டலாம். கொழுந்தெடுத்த மட்டம் தானாகவே அமையும். வரிசைகளைச் சரிவின் குறுக்கே, 1.2 செ.மீ. இடைவெளியில் வையுங்கள்.

வர்ணத்தில் எனாமல் வேண்டாம், அக்ரிலிக் போதும். ஸ்ப்ரேயிலும் எனாமல் கரைப்பானிலும் உள்ள இரசாயனம் மலைக்கு வைத்த ரெஜிபோமைக் கரைத்துவிடும். தண்டுக்குக் கபிலம் பூசுவதுதான் அதிகம் காணும் பிழை. சில்வர் ஓக் தண்டு சாம்பல் நிறம். கடும் சாம்பல் பூசி, நீர்த்த கறுப்பை வெடிப்புகளில் ஓடவிட்டு, காய்ந்த பின் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர் சாம்பலை மேடுகளில் மட்டும் தடவுங்கள். இலையின் மேற்புறம் கரும்பச்சை. கீழிருந்து பார்க்கும் பக்கத்தில் வெள்ளி கலந்த பச்சையைத் தொட்டு வைத்தால் காற்று வீசும் மரம் போலாகும். பின்வரிசை மரங்களை 15 செ.மீ.க்குக் குறைத்து, நிறத்தில் சிறிது நீலச் சாம்பல் கலந்தால் ஊவா மலையின் பனிமூட்டம் கிடைக்கும்.

நேரம் குறைவாக இருந்தால் பின்வரிசையைக் குச்சியில் செய்து, லயத்தருகே நிற்கும் மூன்று நான்கு மரங்களை மட்டும் கம்பியில் முடியுங்கள்.