கடல் நீர் ஏறிய வயலை மீட்பது எப்படி?

எங்க பக்கத்துப் பெரியவங்க, "புயலடிச்ச வருசம் எனக்குப் பத்து வயசு" என்றுதான் வயசுக் கணக்கைத் தொடங்குவாங்க. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த அந்தப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் அலை கொண்டுபோனது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். ஊர் மீளவில்லை.

உழவருக்கு இதில் பாடம் இரண்டு.

முதலாவது, மரம். 2018 கஜா புயலில் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. பனைகள் பெரும்பாலும் நின்றன. கடல் பார்த்த வரப்பில் பனை விதை ஊன்றுங்கள்.

இரண்டாவது, உப்பு. கடல் நீரிலுள்ள சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காது. செய்ய வேண்டியவை:

1. வரப்பை வெட்டி உடனே நீரை வடியுங்கள். சேறாக இருக்கும்போது உழாதீங்க.
2. மண் பரிசோதனை செய்யுங்கள். சோடியம் மிகுந்திருந்தால் ஜிப்சம் இடுங்கள். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கும்.
3. மழைநீரைத் தேக்கித் தேக்கி வடியுங்கள்.
4. உப்பு குறைந்ததும் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுங்கள்.

வங்கியில் இருந்தப்ப புயல் நிவாரணக் கடன் கொடுத்திருக்கேன். அடுத்த போகமே விளைஞ்சுடும்னு நினைச்சுத் தவணை போட்டோம். என் வயலில் உப்பு ஏறினப்பதான் புரிஞ்சது. உப்புக் கடனை மழைதான் தவணை தவணையா அடைக்கணும். அது போக வழியா வடிகாலை ஐப்பசிக்கு முன்னாடியே வெட்டி வைப்பது நம்ம வேலை.