கால்குலேட்டரில் இல்லாத அடிமானம்

படிவம் 4 கூடுதல் கணிதத்தில் மடக்கை வந்துவிட்டால் டியூஷனில் தவறாமல் வரும் கேள்வி: "அண்ணா, அடிமானம் 5-ன்னு போட்டிருக்கு. என் கால்குலேட்டர்ல அந்த பட்டனே இல்லையே?"

உண்மைதான். உங்களில் பலர் வைத்திருக்கும் கேசியோ எஃப்எக்ஸ்-570எம்எஸ்-இல் இதற்கு இரண்டே பட்டன்கள். லாக் என்றால் அடிமானம் 10. எல்என் என்றால் ஏறக்குறைய 2.718. ஏதாவது ஒன்று போதும்.

அடிமானம் 5-இல் 20-இன் மடக்கை என்ன? பட்டனைத் தொடுமுன் மனத்தில் பாருங்கள். 5-இன் அடுக்கு 1 என்றால் 5, அடுக்கு 2 என்றால் 25. ஆக விடை 1-க்கும் 2-க்கும் நடுவில், 2-க்குப் பக்கத்தில்.

விடையை 'க' என்போம். 5^க = 20. இரு பக்கமும் லாக் எடுத்தால், அடுக்கு முன்னால் இறங்கி வரும்:

க × லாக் 5 = லாக் 20
க = லாக் 20 ÷ லாக் 5 = 1.3010 ÷ 0.6990 = 1.861

எல்என் போட்டாலும் 2.9957 ÷ 1.6094, அதே 1.861.

சிலர் 20-ஐ 5-ஆல் வகுத்துவிட்டு லாக் 4 போடுவார்கள். 0.602 வரும். இது தப்பு என்று உடனே தெரிந்துவிடும். இன்னொன்றுதான் ஆபத்து. இஎஸ் மாடல்களில் லாக் அழுத்தினால் அடைப்புக்குறி தானாகத் திறக்கும். 20-க்குப் பிறகு அதை மூடாமல் போனால் 1.457 வரும், பார்க்கச் சரிபோலவே இருக்கும். 5^1.457 போட்டுப் பாருங்கள், 10.4 தான். இந்தச் சோதனைக்குப் பத்து விநாடி போதும், செய்துவிடுங்கள்.

புதிய மாடல்களில் அடிமானத்தை நேராகப் போடும் பட்டன் உண்டு. விடையைச் சரிபார்க்க அது நல்லது. செய்வழி எழுதச் சொன்னால் உதவாது, புள்ளி போய்விடும்.

இது பரீட்சைக்கு மட்டும்னு நினைக்காதீங்க. வேலைக்குப் போனதும் கிரெடிட் கார்டு வரும். மாதம் 1.5 விழுக்காடு வட்டி, வட்டிக்கும் வட்டி, ஒன்றுமே கட்டவில்லை என்றால் 2,000 ரிங்கிட் கடன் எப்போது 4,000 ஆகும்? 1.015^மா = 2. அடிமானம் 1.015!

மா = லாக் 2 ÷ லாக் 1.015 = 0.30103 ÷ 0.006466 = 46.6

47-ஆவது மாதத்தில், அதாவது நான்கு வருடம்கூட ஆகாமல், கடன் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இங்கே லாக் 1.015-ஐ 0.006 என்று சுருக்கினால் 50 மாதம் என்று வரும். கடைசிவரை சுருக்காதீர்கள்.

வட்டி மாதம் 1 விழுக்காடு என்றால்? நீங்களே போட்டுப் பாருங்கள், 70-க்குக் கொஞ்சம் குறைவாக வரவேண்டும்.