முழக்கோலும் மில்லிமீட்டரும்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் ஜப்பான், கொரியா, பிரான்சு, ஜெர்மனி நாட்டு நிறுவனங்களின் தொழிற்சாலைகள் இயங்கி வருகின்றன. எந்த நாட்டு நிறுவனமாயினும் வண்டியின் பாகங்களை வரையும் படத்தில் மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே வந்தால் நிலம் சென்டில் விலை பேசப்படுகிறது. மனை சதுர அடியில் விற்கப்படுகிறது. பூ முழத்தில் அளக்கப்படுகிறது. இந்த அலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிழையின்றி மாற்றுவது எப்படி? அதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் முன்னோர் உடலையே அளவுகோலாகக் கொண்டனர். 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் முழமும் உங்கள் தந்தையாரின் முழமும் ஒன்றல்லவே! ஆகவே நிலத்தை அளக்க ஒரு பொதுவான கோல் தேவைப்பட்டது. சோழர் காலத்தில் 16 சாண் நீளமுள்ள கோல் வழங்கியதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அளவுகோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே பொறித்து வைக்கும் வழக்கமும் இருந்தது. ஐயம் எழுந்தால் யாரும் அங்கே சென்று சரிபார்க்கலாம். சாணைச் சுமார் 22.5 செ.மீ. எனக் கொண்டால் 16 சாண் கோல் ஏறத்தாழ 3.6 மீட்டர் ஆகும். ‘ஏறத்தாழ’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தச் சாணை மீட்டரோடு துல்லியமாக இணைத்த சட்டம் ஏதும் இல்லை.

ஜப்பானியர் என்ன செய்தார்கள்? அவர்களுடைய பழைய நீள அலகு ஷாகு. 1885ஆம் ஆண்டில் மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்த அந்நாடு, 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 1 ஷாகு என்பது மிகச் சரியாக 10/33 மீட்டர் என வரையறுத்தது. அதாவது 33 ஷாகு 10 மீட்டர். அன்று முதல் ஷாகு யாருடைய கையையும் நம்பியிருக்கவில்லை. மீட்டரின் ஒரு பின்னமாகிவிட்டது. இதேபோல் சீனாவின் ச்சி என்னும் அலகு இன்று மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. நாம் அறிந்த அடியும் அப்படித்தான்: 1 அடி மிகச் சரியாக 0.3048 மீட்டர்.

ஒரு ஷாகு 30.30 செ.மீ.; ஓர் அடி 30.48 செ.மீ. ‘இரண்டும் ஒன்றுதானே’ என்று எண்ணத் தோன்றும். ஜப்பானில் வழங்கும் ஒட்டுப்பலகை 3 ஷாகு அகலமும் 6 ஷாகு நீளமும் கொண்டது. 6 ஷாகு 1818 மி.மீ.; 6 அடி 1829 மி.மீ. வேறுபாடு 11 மி.மீ. அடி என நினைத்துச் சட்டம் செய்த தச்சர், பலகையைப் பொருத்தும்போது ஒரு விரல் நுழையும் இடைவெளியைக் காண்பார்.

இனிப் பரப்புக்கு வருவோம். மாணவர்கள் பெரும்பாலும் தவறு செய்யும் இடம் இதுதான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இது எத்தனை சதுர மீட்டர்? 435.6ஐ 0.3048ஆல் ஒருமுறை பெருக்கினால் 132.8 என வரும். இது தவறு. சதுர அடி என்பது அடி × அடி. ஆகவே மாற்றும் எண்ணால் இருமுறை பெருக்க வேண்டும்.

435.6 × 0.3048 × 0.3048 = 40.47 சதுர மீட்டர்.

அது சரி, 435.6 என்னும் விந்தையான எண் எங்கிருந்து வந்தது? பழைய நில அளவையில் பயன்பட்ட குன்டர் சங்கிலியின் நீளம் 66 அடி. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆகவே ஏக்கர் 66 × 66 × 10 = 43,560 சதுர அடி. அதில் நூற்றில் ஒரு பங்கு சென்ட்.

உங்கள் வீட்டில் பட்டா இருந்தால் எடுத்துப் பாருங்கள். பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் தரப்பட்டிருக்கும். ‘0 – 8.50’ என்றிருந்தால் அது 0 ஹெக்டேர், 8.5 ஏர் என்று பொருள். அதை 0.85 ஹெக்டேர் எனப் படித்தால் நிலம் பத்து மடங்காகப் பெருகிவிடும், காகிதத்தில் மட்டும்! ஓர் ஏர் 100 சதுர மீட்டர். எனவே

8.5 ஏர் = 850 சதுர மீட்டர்
850 ÷ 40.47 = 21.0 சென்ட்.

‘கணக்கு எளிதாக இருக்கட்டும்’ என்று ஒருவர் 40.47க்குப் பதில் 41 எனக் கொள்கிறார். விடை 20.73 சென்ட். குறைவது 0.27 சென்ட், அதாவது ஏறக்குறைய 118 சதுர அடி. ஒரு சிறிய அறைக்கான இடம் விற்பவர் கையைவிட்டுப் போய்விட்டது! 40 எனக் கொண்டால் விடை 21.25 சென்ட், இப்போது நட்டம் வாங்குபவருக்கு. தொழிற்சாலைகள் பெருகி நிலத்தின் விலை ஏறிய பகுதியில் இது சிறிய தொகையன்று. ஆகவே முழுமையாக்குவதைக் கணக்கின் கடைசியில் செய்ய வேண்டும். இடையில் செய்யக் கூடாது.

நினைவில் வைக்க வேண்டியவை மூன்று. முதலில், அலகு சட்டத்தால் வரையறுக்கப்பட்டதா, உடலைப் பொறுத்ததா எனப் பாருங்கள். இரண்டாவது, எண்ணோடு அலகையும் சேர்த்தே எழுதுங்கள். பரப்பு என்றால் இருமுறை பெருக்குங்கள். மூன்றாவது, விடை வந்த பின்பே முழுமையாக்குங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. எத்தனை சதுர மீட்டர்?
2. 33 மீட்டர் நீளமுள்ள சுவர் எத்தனை ஷாகு?
3. பட்டாவில் ‘0 – 12.00’ என உள்ளது. எத்தனை சென்ட்?
4. கொரியாவின் பியோங், 6 ஷாகு பக்கமுள்ள சதுரத்தின் பரப்புக்குச் சமம். அது எத்தனை சதுர மீட்டர்?

விடைகள்: 1) 222.97 சதுர மீட்டர். 2) 108.9 ஷாகு. 3) 29.65 சென்ட். 4) 400/121, அதாவது சுமார் 3.31 சதுர மீட்டர்.

உங்கள் முழத்தையும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் முழத்தையும் செ.மீ.இல் அளந்து ஓர் அட்டவணையில் எழுதுங்கள். பெரிய முழத்துக்கும் சிறிய முழத்துக்கும் உள்ள வேறுபாடு எத்தனை விழுக்காடு? கோயில் சுவரில் கோலைப் பொறித்து வைத்தது ஏன் என்பதற்கு அந்த எண்ணே விடை சொல்லும்.