நடுவருக்கு நூற்றியொரு டிகிரி

தருமபுரி மாவட்டத்தில் எந்த ஊர்க் கபடி நோட்டீஸை எடுத்துப் பார்த்தாலும் அடியில் ஒரு வரி இருக்கும்: ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது.’ முதல் பரிசுத் தொகை மாறும், நுழைவுக் கட்டணம் மாறும், சுழற்கோப்பை வழங்குபவரின் பெயர் மாறும். இந்த வரி மட்டும் மாறாது. அந்த நடுவர் உடம்பு அனலாய்க் கொதிக்க, தொண்டை கட்டி, கண் எரிய வந்து நின்றால் என்ன செய்வது என்று எந்த நோட்டீஸும் சொல்வதில்லை.

பாலக்கோடு பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் உடற்கல்வி ஆசிரியர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர். பொங்கல் தொடங்கி சித்திரைத் திருவிழாக்கள் முடியும் வரை, சனி ஞாயிறு இரவுகளில் அவருக்கு ஏதாவது ஓர் ஊரில் விசில் வேலை இருக்கும். அரசு ஊழியர் என்பதால் பெயர் போட வேண்டாம் என்கிறார். பையன்களுக்கு அவர் ‘பி.டி. சார்’. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பாடம் கிடைத்தது ஒரு மக்களவைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில். இரவு நேர மின்னொளி கபடி. காலையிலேயே உடம்பு கனத்தது. காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டார். ஆறு மணிக்கு ஆட்டம் என்று போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்து, அவருக்கு முன் நான்கு பேர் பேசி, அவரும் பேசி, பொன்னாடைகள் முடியும்போது ஒன்பதரை. மாத்திரையின் வேகம் அதற்குள் இறங்கிவிட்டது. இரண்டாவது ஆட்டத்தின் பின்பாதியில், புள்ளி எடுத்தே ஆக வேண்டிய ‘டூ ஆர் டை’ ரைடில் கை பட்டதா இல்லையா என்று இரு அணியும் அவர் முகத்தைப் பார்த்தபோது, தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவருக்குப் புரிந்தது. நேரத்தை நிறுத்தினார். எதிர்க் கோட்டில் நின்ற அம்பயரைக் கேட்டுத் தீர்ப்பைச் சொன்னார். பிறகு விசிலை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

கூட்டத்துக்குக் காய்ச்சல் தெரியாது. மேடைக்குப் பின்னால் ஒரு கட்சியின் பிளக்ஸ் தெரியும். “யாரோ போன் பண்ணிட்டாங்க, அதான் சார் நழுவிட்டாரு” என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது கோர்ட்டைச் சுற்றி வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

உடம்பு சரியில்லாதவர் விலகுவதற்கே அரசியல் காரணம் தேடுகிற காலம் இது. அந்தச் சந்தேகத்தைப் பின்வரிசைக்காரரின் குணம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. தருமபுரிக்காரர்கள் அரசியலில் ஆர்வம் குறைந்தவர்கள் அல்ல. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்திலேயே அதிக வாக்குப்பதிவு இந்தத் தொகுதியில்தான்; 81 சதவீதத்துக்கும் மேல். தி.மு.க.வின் ஆ.மணி, பா.ம.க.வின் சௌமியா அன்புமணியை வென்றது சுமார் 21,000 வாக்குகளில். அப்படிப்பட்ட ஊரில் தேர்தல் சூடு கபடிக் கோர்ட்டின் கோட்டோடு நின்றுவிடாது.

அதைவிடப் பெரிய காரணம் டெல்லியில் இருக்கிறது. விளையாட்டை நடத்துகிறவர்கள் நாற்காலியை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பின் தலைவராகப் பல பத்தாண்டுகள் இருந்த ஜனார்தன் சிங் கெலாட், பிறகு வாழ்நாள் தலைவரானார்; தலைவர் பதவி அவர் மனைவிக்குப் போனது. 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த இரண்டையும் ரத்து செய்து, கூட்டமைப்பை ஒரு நிர்வாகியின் பொறுப்பில் விட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் பொறுப்பில் இல்லை என்று சர்வதேசக் கூட்டமைப்பு இந்தியாவை இடைநீக்கம் செய்தது. ஆசியப் போட்டிக்குப் போக வேண்டிய வீராங்கனைகள் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியதாயிற்று. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் தலையிட்டு வழிவிட்ட பிறகு, மார்ச் மாதம் டெஹ்ரானில் இந்தியப் பெண்கள் இறுதிப் போட்டியில் ஈரானை 32-25 என்று வென்று வந்தார்கள்.

மல்யுத்தக் கதை இன்னும் கசப்பு. 2023 ஜனவரியில் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்த வீராங்கனைகள், அப்போது பா.ஜ.க. எம்.பி.யாகவும் மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் புகார் சொன்னார்கள், அவர் மறுத்தார். மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், அவர்களைப் போலீஸ் இழுத்துச் சென்ற படங்களை பி.டி. சாரின் பள்ளி மாணவிகள் செல்போனில் பார்த்தார்கள். “சார், நாங்க மாவட்டப் போட்டிக்குப் போறதா வேண்டாமா?” என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை என்கிறார். டிசம்பரில், அந்தப் போராட்டத்தில் இருந்த சாக்‌ஷி மாலிக் மல்யுத்தத்தை விட்டே விலகுவதாக அறிவித்த அன்று அவர் பேப்பரையே பிரிக்கவில்லை.

அந்த எரிச்சல் அவரிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதையும் காய்ச்சலையும் ஒரே பையில் போட்டுக் கோர்ட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதற்காகச் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டார். ஊர் ஊராகப் போய் விசில் ஊதும் மற்ற நடுவர்களுக்கும் அவை உதவும்.

கிளம்பும் முன்

போவதா வேண்டாமா என்பதை வீட்டில் முடிவு செய்ய வேண்டும்; கோர்ட்டுக்குப் போய்விட்டால் முடிவு நம் கையில் இல்லை. ஊர்ப் பெரியவர் “சும்மா நின்னா போதும் சாமி” என்பார், நாமும் நின்றுவிடுவோம். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு: மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்று கழுத்துக்கு மேலே நிற்கும் தொல்லை என்றால் லேசான வேலை பார்க்கலாம். நெஞ்சுச் சளி, வயிற்றுப்போக்கு, உடம்பு வலி, காய்ச்சல் என்றால் ஓய்வு. தெர்மாமீட்டர் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால் பேச்சே இல்லை. வைரஸ் காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் இதயத் தசை வீங்கும் ஆபத்து உண்டு. எல்லோருக்கும் வராது, வந்தால் விளையாட்டல்ல.

பாரசிட்டமால் சூட்டைத்தான் இறக்கும், நோயை இறக்காது. மழைக்காலத்தில் டெங்கு சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது. ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். சளி மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் தரும் மருந்து கலந்திருக்கும். முப்பது நொடிக்குள் ஒரு ரைடு முடிகிற ஆட்டத்தில் அரைத் தூக்கத்தில் நிற்க முடியாது. இரவு பனியில் பைக் ஓட்டித் திரும்புவது அதைவிட மோசம்.

ஆள் சொல்லி வைப்பது

விதிப்படி கபடிக்கு ஒரு ரெஃப்ரீ, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர் என்று ஆறு பேர் வேண்டும். ஊர் ஆட்டத்தில் மூன்று பேர் கிடைத்தாலே அதிகம். அதனால் பி.டி. சார் இப்போது ஒப்புக்கொள்ளும்போதே ஒன்றைக் கேட்கிறார்: “எனக்கு முடியலைன்னா யாரு?” பெயர் சொல்லாத ஊருக்குப் போவதில்லை. முன்னாள் வீரர், பக்கத்து ஊர் உடற்கல்வி ஆசிரியர், கல்லூரி அணியில் ஆடிய பையன் என யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார்.

லேசான தொல்லையோடு போனால், கோட்டை ஒட்டி ஓடும் அம்பயர் வேலையை விட்டு ஸ்கோர் மேஜைக்கு மாறிவிடலாம். அப்போதும் மாஸ்க் வேண்டும், பேனா தனி வேண்டும், மைக்கை வாயோடு ஒட்டிப் பேசக் கூடாது. விசிலை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் கொரோனாவோடு போக வேண்டிய பழக்கம்.

மூச்சு குறைந்த நாளில் உள்ளே உருண்டை போட்ட விசில் கைவிட்டுவிடும். கனடாவின் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்டுக்கு 1984இல் பிரேசிலில் ஒரு முக்கியமான ஆட்டத்தில் இதுதான் நடந்தது: உருண்டை சிக்கி விசில் ஊமையானது. அந்த அனுபவத்திலிருந்துதான் உருண்டையே இல்லாத ஃபாக்ஸ் 40 விசிலை உருவாக்கினார். 1987 பான் அமெரிக்கப் போட்டிகளில் அது அறிமுகமானது. அந்த மாதிரி விசில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் தொண்டை கட்டிய அன்று அருமை தெரியும்.

கோர்ட்டில் நிற்கும்போது

நோயில் முதலில் தளர்வது காலல்ல, நிதானம். 2022 ஜனவரி 12, ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்து. கேமரூனின் லிம்பே நகரில் துனீசியாவும் மாலியும் ஆடின. ஜாம்பியா நடுவர் ஜானி சிகாஸ்வே 85ஆவது நிமிடத்திலேயே இறுதி விசிலை ஊதிவிட்டார். ஆட்டம் தொடர்ந்தது, 90 நிமிடம் முடியச் சில நொடிகள் இருக்கும்போது மறுபடியும் ஊதினார். உலகமே சிரித்தது, காசு வாங்கியிருப்பார் என்றும் பேசியது. வெப்பத் தாக்கில் சிக்கியிருந்ததாகவும், கோமா வரை போயிருக்கலாம் என்று மருத்துவர்கள் சொன்னதாகவும் பிறகு அவர் சொன்னார். 2024 ஜூனில் கோபா அமெரிக்காவில் கனடா - பெரு ஆட்டம் நடந்தபோது, கான்சாஸ் சிட்டி வெயிலில் துணை நடுவர் ஒருவர் முதல் பாதி முடியும் முன்பே மைதானத்தில் சரிந்தார். அவர்களுக்கு மாற்று நடுவர், மருத்துவர் என்று எல்லாமே பக்கத்தில் இருந்தன. நம் ஊரில் தண்ணீர்க் குடமும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இருக்கும்.

அதனால் உப்பு போட்ட நீர்மோரோ, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோ பையில் இருக்க வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டிய அளவில். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. தலை சுற்றினாலோ, வியர்வை நின்று உடம்பு காய்ந்தாலோ, ஸ்கோர் எத்தனை என்பதே மறந்தாலோ உடனே விசிலைக் கைமாற்ற வேண்டும். பாதி முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தீர்ப்பு சொல்வதற்கும் ஒரு வரிசை உண்டு. விசில், நிறுத்தம், எதிர்க் கோட்டு அம்பயரின் கண், பிறகு கை. இந்த நான்கும் நடப்பதற்குள் தலை தெளிந்துவிடும். சச்சரவு கிளம்பும் விதிகளை, முக்கியமாகக் கோர்ட்டின் இரு ஓரப் பட்டைகளான லாபிகள் பற்றிய விதியை, ஆட்டத்துக்கு முன்பே இரண்டு கேப்டன்களிடமும் சொல்லிவிட வேண்டும். 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டின் ஆண்கள் இறுதியில் இந்தியாவும் ஈரானும் 28-28 என்று நின்றபோது இந்திய வீரர் பவன் செராவத்தின் ரைடில் கிளம்பிய சண்டைக்கும் இதே லாபிதான் காரணம். எந்த விதி செல்லும் என்று முடிவாவதற்குள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனது. கடைசியில் இந்தியா 33-29 என்று வென்றது. காய்ச்சல் இல்லாத, பயிற்சி பெற்ற நடுவர்களுக்கே அந்த நிலை.

மேடையிலிருந்து தள்ளி

பேச்சுக்காரர்கள் முடிக்கும்வரை மேடை அருகே நிற்பது உடம்புக்கும் ஆகாது, பெயருக்கும் ஆகாது. பி.டி. சார் இப்போது பள்ளித் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்துகொள்கிறார். அணிகள் இறங்கியதும் கூப்பிடுவார்கள். பரிசளிப்பு முடியும்வரை எந்தக் கரை போட்ட துண்டையும் தோளில் வாங்குவதில்லை. கோபித்துக்கொள்ளும் பிரமுகரிடம், “மேட்ச் முடியட்டும்ணா, வீட்டுக்கே வந்து வாங்கிக்கறேன்” என்பார். அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவருக்குத் துணை. கபடிக்கு அனுமதி கேட்டு வரும் வழக்குகளில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அரசியல், சாதித் தலைவர்களின் படங்கள் கூடாது, மருத்துவ வசதி வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்திருக்கிறது. இந்த நிபந்தனைகளை விழாக் குழுவிடம் முன்கூட்டியே நினைவூட்டுவதில் தவறில்லை.

விலகும்போது மட்டும் மேடை மைக் வேண்டும். “எனக்குக் காய்ச்சல், இனி இவர் நடுவர்” என்று இரண்டு அணிக்கும் கூட்டத்துக்கும் கேட்கும்படி சொல்லி, ஸ்கோர் ஷீட்டில் எந்த நிமிடத்தில் மாறினார் என்று எழுதி, இரு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அந்தத் தேர்தல் நேரத்து இரவில் இதைச் செய்திருந்தால் பின்வரிசையில் கதை கிளம்பியிருக்காது.

பதவியில் இருப்பவர் எப்போது இறங்க வேண்டும் என்பதைத்தான் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டமும் எழுதப் பார்க்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த அந்தச் சட்டம், சர்வதேச அமைப்பின் விதி இடம் கொடுத்தால் 70 முதல் 75 வயது வரை உள்ளவர்களும் போட்டியிடலாம் என்கிறது. வழக்குகளுக்கெனத் தனித் தீர்ப்பாயமும் வரும். நல்லது நடந்தால் சந்தோஷம் என்கிறார் பி.டி. சார். அதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் அவர் பள்ளி மாணவிகளை மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருக்கிறார். பெண்களுக்கும் சப்-ஜூனியர்களுக்கும் ஒரு பாதி 15 நிமிடம்தான், ஆண்களுக்கு 20. காய்ச்சல் விட்டு எழுந்து வரும் நடுவர், முதலில் அந்தச் சின்ன ஆட்டங்களில் விசில் பிடித்துவிட்டுப் பெரிய ஆட்டத்துக்குப் போவது நல்லது என்பது அவருடைய கணக்கு.

போன வாரம் ஒரு பையன் போன் செய்தான். “சார், பென்னாகரம் பக்கம் ஒரு மேட்ச், வர்றீங்களா?”

“வர்றேன் தம்பி. இன்னொரு அம்பயர் யாருன்னு கேட்டுச் சொல்லு.”