மென்டர் ஆகப்போகும் தம்பி தங்கைகளுக்கு

கம்பெனியின் மென்டர் பட்டியலில் இந்த ஆண்டு உங்கள் பெயரும் ஏறிவிட்டது. சான் அன்டோனியோவிலோ எல் பாசோவிலோ மூன்றாம், நான்காம் வருடம் படிக்கிற ஹிஸ்பானிக் மாணவர் ஒருவரை வேலைக்குள் கால் வைக்கும்வரை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். "சார், எனக்கு ஸ்பானிஷில் ஓலாவுக்கு மேல் தெரியாது, நான் போய் என்னத்தைச் சொல்லித் தர?" என்று உங்களில் சிலர் போனில் கேட்டீர்கள். டெக்சஸில் பாலம் கட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஒரு பொறுப்பை நான் விடவில்லை. அதில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

1. முதல் சந்திப்பில் காலண்டரை எடுங்கள். கனவு, லட்சியம் எல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் இடங்களைப் பெரிய கம்பெனிகள் முந்தைய செப்டம்பரிலேயே நிரப்பத் தொடங்கிவிடும். அப்பா அம்மா கல்லூரி பார்த்த வீடுகளில் இது சாப்பிடும்போது தானாகக் காதில் விழுகிற சங்கதி. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவரோ ஏப்ரல் கடைசியில், பரீட்சைக்கு நடுவில் தேட ஆரம்பிப்பார். அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள். தேதியைத் தவறவிட்டவர், தனக்குத் தகுதியே இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் இதில் பெரிய நஷ்டம். ஆகவே ஆகஸ்ட் முடிவதற்குள் ரெஸ்யூமே, செப்டம்பரில் கேம்பஸ் கேரியர் ஃபேர், இலையுதிர் காலத்தில் ஹிஸ்பானிக் பொறியாளர் சங்கத்தின் தேசிய மாநாடு என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சியில் வேலை பார்த்த பொறியாளர்கள் சிலர் 1974-ல் தொடங்கிய சங்கம் அது. இன்று அதன் மாநாட்டில் கம்பெனிகள் நேர்காணலுக்கு இடம் போட்டு உட்கார்ந்து அங்கேயே ஆள் எடுக்கின்றன.

2. 'யார் துணையும் இல்லாமல் நான் முன்னுக்கு வந்தேன்' என்று மட்டும் அவரிடம் ஆரம்பிக்காதீர்கள். எஃப்-1 மாணவர் விசாவில் வந்து இறங்கிய நம்மில் பலரை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிப்போனது ஒரு சீனியர். படுக்க மெத்தை கொடுத்ததும், எந்தப் பேராசிரியரிடம் ஃபண்டிங் இருக்கிறது, எந்தப் பாடத்தை எடுக்கவே கூடாது என்று சொன்னதும் அதே சீனியர் கூட்டம்தான். அதற்கு மென்டரிங் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் மாணவர் இந்த நாட்டிலேயே பிறந்தவராக இருக்கலாம், ஆங்கிலம் உங்களைவிட நன்றாகப் பேசலாம். ஆனால் அப்படி ஒரு சீனியர் அவருக்கு வாய்த்திருக்க மாட்டார்.

3. எல்லோரையும் ஒரே கதைக்குள் அடைக்க வேண்டாம். 2020 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை ஹிஸ்பானிக் என்று பதிந்தவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். அதில் மியாமியில் வளர்ந்த கியூப டாக்டரின் மகள் உண்டு. 1917 முதல் அமெரிக்கக் குடிமக்களான போர்ட்டோ ரிக்கோகாரர்கள் உண்டு. 1845-ல் டெக்சஸ் அமெரிக்காவோடு சேர்வதற்கு முன்பிருந்தே இதே மண்ணில் இருக்கும் குடும்பங்களும் உண்டு. "எப்போ வந்தீங்க?" என்று அவர்களிடம் கேட்க நமக்கு என்ன தகுதி! ஸ்பானிஷ் பேசத் தெரியாத பிள்ளைகளும் நிறைய. குடியுரிமை, காகிதம் பற்றி நீங்களாக ஒருபோதும் கேட்காதீர்கள்.

4. பெயரை அவர் சொல்கிறபடியே சொல்லுங்கள். அப்பா வழிப் பெயர் ஒன்று, அம்மா வழிப் பெயர் ஒன்று என்று இரண்டு குடும்பப் பெயர் பலருக்கு இருக்கும். கம்பெனி கம்ப்யூட்டர் அதில் ஒன்றை நடுப்பெயராக்கிவிடும். இனிஷியலைக் கொண்டுபோய் லாஸ்ட் நேம் கட்டத்தில் போட்டு அவதிப்பட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரெஸ்யூமே, டிகிரி, ஆஃபர் கடிதம் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

5. ரெஸ்யூமேயில் இல்லாததைக் கேளுங்கள். இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள், மற்றதெல்லாம் பிறகு. சிவில் படித்த ஒரு பையன் என்னிடம் நீட்டிய காகிதத்தில் மார்க்கும் படித்த பாடங்களும் மட்டும் இருந்தன, பாதிப் பக்கம் வெள்ளை. சனிக்கிழமை என்ன செய்வாய் என்று கேட்டேன். மாமா கூரை வேலை கான்ட்ராக்ட் எடுக்கிறார், கூடப் போவேன் என்றான். போய்? ஏணி போட்டு ஏறி அளப்பானாம். கூரைக்காரர்கள் 100 சதுர அடியை ஒரு ஸ்கொயர் என்பார்கள், ஸ்கொயருக்கு மூன்று கட்டு ஷிங்கிள். மடிப்பும் மூலையும் அதிகமான கூரை என்றால் வெட்டுச் சேதாரத்துக்குக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டு, ஆங்கிலத்தில் கொட்டேஷன் அடித்து, வீட்டுக்காரரிடம் பேரம் பேசி, கடைக்குப் போன் போட்டுச் சரக்கை வரவழைப்பதும் அவன்தான். இதை ஏன் எழுதவில்லை என்றால், "அது வேலை இல்ல சார், வீட்டு விஷயம்" என்கிறான். எஸ்டிமேட், கொள்முதல், வாடிக்கையாளர் என்று உட்கார்ந்து எழுதி மேலே வைத்தோம். அடுத்த நேர்காணலில் அரை மணி நேரமும் கூரையைப் பற்றியே கேட்டார்களாம். அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் சொல்வதை மொழிபெயர்க்கும் பெண், கடை கல்லாவில் இரவு ஷிப்ட் பார்க்கும் பையன், எல்லோரிடமும் இப்படி ஏதாவது இருக்கும். தோண்டி எடுக்க வேண்டும்.

6. கம்யூனிட்டி காலேஜில் படித்ததை மறைக்கச் சொல்லாதீர்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த ரிச்சர்ட் டாப்பியா, மெக்சிகோவிலிருந்து வந்தவர்களின் மகன், தொடங்கியது அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில்தான்.

7. "வீட்டை விட்டு வெளியே வா, அப்போதுதான் முன்னேறலாம்" என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. லரேடோவில் வீடு, சியாட்டிலில் வேலை என்று வந்தால் அவர் தயங்குவார். அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தம்பியைப் பள்ளிக்கு யார் கொண்டுவிடுகிறார், வாடகையில் இவர் பங்கு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு சம்பளம், வாடகை, வருடத்துக்கு எத்தனை முறை விமான டிக்கெட் என்று காகிதத்தில் கணக்குப் போடுங்கள். இன்டர்ன்ஷிப் என்றால் சம்பளமில்லாத எடுபிடி வேலை என்று பெற்றோர் நினைத்திருக்கலாம். ஒருநாள் அவர்களிடமும் பேசுங்கள், மகனே மொழிபெயர்ப்பான். முடிவு அவர்களுடையது.

8. ஆஃபர் போன் வந்ததும் நன்றி மிகுதியில் உடனே சரி என்றுவிடுவார்கள். எழுத்தில் அனுப்புங்கள், ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். போனில் பேச வேண்டிய வாக்கியத்தை உங்கள் முன்னால் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். 401 கே ஓய்வுக்காலச் சேமிப்பில் கம்பெனி போடும் பங்கை முதல் மாதத்திலிருந்தே விடாமல் வாங்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்புவது அதற்கு அப்புறம்.

9. சிவில் மாணவர் என்றால் எஃப்.இ. தேர்வைக் கடைசி வருடத்திலேயே எழுதவையுங்கள். வேலைக்குப் போனபின் கால்குலஸ் பறந்துவிடும். நான்கு வருட அனுபவத்துக்குப் பிறகு வரும் பி.இ. லைசென்ஸுக்கு இதுதான் முதல் படி. (நம் ஊர் பி.இ. பட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்; நானே பலருக்கு விளக்கி ஓய்ந்துவிட்டேன்.)

10. நிராகரிப்புக் கடிதத்தைச் சேர்ந்து படியுங்கள். கலிபோர்னியாவில் பயிர் அறுவடைக்கு ஊர் ஊராகப் போன குடும்பத்துப் பையன் ஹோசே ஹெர்னாண்டஸ். கோஸ்டா ரிக்காவில் பிறந்த ஃபிராங்க்ளின் சாங் டியாஸை 1980-ல் நாசா விண்வெளிக்குத் தேர்ந்தெடுத்த செய்தியைக் கேட்டு ஆசைப்பட்டவர். 11 முறை நாசா வேண்டாம் என்றது. தேர்வானவர்களிடம் இருக்கும் எது தன்னிடம் இல்லை என்று பார்த்து விமானம் ஓட்டக் கற்றார், ஸ்கூபா கற்றார், ரஷ்ய மொழி கற்றார். 2004-ல் தேர்வாகி 2009-ல் பறந்தார். இதை வைத்துச் சொற்பொழிவு ஆற்ற வேண்டாம். அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

11. அறிவுரை யார் வேண்டுமானாலும் தருவார்கள். மேனேஜர் மேஜையில் அவர் பெயரைச் சொல்ல உங்களால்தான் முடியும். இருநூறு ரெஸ்யூமே குவிந்த இடத்தில், "இவரை எனக்குத் தெரியும், கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள்" என்ற ஒரு வரிக்கு உள்ள எடை உங்களுக்கே தெரியும். தகுதி இருப்பவருக்கு அதைச் சொல்லக் கூச்சப்பட்டால் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

12. நீங்களே முதலில் போன் செய்யுங்கள். பெரியவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள் இவர்களில் நிறைய, அவர்களாகக் கூப்பிட மாட்டார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அரை மணி நேரம், அதே கிழமை. வேலையில் சேர்ந்தபிறகும் ஆறு மாதத்துக்கு நிறுத்த வேண்டாம். மீட்டிங்கில் வாய் திறக்கலாமா, தெரியாததை யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அப்போதுதான் வரும். முதல் ரிவ்யூ எந்த மாதம் என்று சேர்ந்த வாரமே மேனேஜரிடம் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய வாரம் செய்த வேலைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு உங்களிடம் வரட்டும்.